பற்று

அடிப்பிடித்த பாத்திரத்தைப் பற்றிச் சிந்திக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பாத்திரத்தைப் பற்றி நிறையவே சிந்தித்தவர்கள்தான். உடல் ஒரு பாத்திரம், மனம் ஒரு பாத்திரம், பிச்சையிடும்போது பாத்திரமறிய வேண்டும். ஆனால் நம் தத்துவங்களில் வருகிற பாத்திரம் எப்போதும் காலியாகவோ நிரம்பியோதான் இருக்கிறது, அடிப்பிடித்து இருப்பதில்லை. சாப்பிட்டு எழுந்து கைகழுவிப் போனவர்கள் செய்த தத்துவம் அது. எழுந்து போனபின் கொல்லைப்புறத்தில் என்ன நடந்தது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. அங்கிருந்து தொடங்கினால் அழுக்கு, சுத்தம் என்ற இரண்டு சொற்களும் நாம் பழகியிருக்கிற இடத்தில் நிற்பதில்லை என்பது என் எண்ணம்.

முதலில் ஸ்தூலமாக நடப்பது என்ன என்று பார்ப்போம். பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை அடியின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. நெருப்பு தரும் அதிகப்படியை நீர் ஆவியாகி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடியில் எங்கே நீர் வற்றுகிறதோ அங்கே இந்தக் காவல் நீங்குகிறது. பாலின் புரதமும் சர்க்கரையும், அரிசியின் மாவும் முதலில் பழுப்பாகி மணக்கின்றன, பிறகு கசக்கின்றன, கடைசியில் கரியாகின்றன. மணக்கும் கட்டத்தில் இறக்கிவிட்டால் அது ருசி. ஈரானியர் சோற்றின் அடிப்பொருக்கை ‘தஹ்தீக்’ என்று பெயரிட்டு விருந்தாளிக்கு வைக்கிறார்கள். கொரியர்களுக்கு அது ‘நூருங்ஜி’. நம் வீடுகளில் நெய் காய்ச்சிய சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடியில் தங்கிய கசண்டோடு குழந்தைகளுக்கு உருட்டிக் கொடுப்பார்கள்.

ருசிக்கும் காந்தலுக்கும் நடுவே சில நிமிஷங்கள்தான். அந்த நிமிஷங்களில் அடுப்படியில் நிற்பவள் எங்கே இருந்தாள்? தொட்டிலில் பிள்ளை அழுதிருக்கும், வாசலில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், கொடியில் துணி நனைந்திருக்கும். வீடு இதைக் கவனக்குறைவு என்று சொல்கிறது. ஐந்து காரியங்களில் ஒரே சமயத்தில் வைக்கப்பட்ட கவனம் அது; பாத்திரத்தின் பங்குக்கு ஐந்தில் ஒன்றுதான் வந்தது. பாத்திரத்தின் அடியில் கறுப்பாக எழுதியிருப்பது ஒரு வேலைப் பங்கீட்டின் கணக்கு. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதைக் குற்றப்பத்திரிகையாகப் படிக்கிறார்கள்.

வரிச்சிக்குடி காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் பக்கத்தில், கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கிறது. வயல் ஒரு புறம், கொஞ்ச தூரத்தில் கடல் மறுபுறம். அங்கே கொல்லைகளில் பாத்திரம் துலக்குவதற்கென்று இருந்தவை எல்லாம் வேறொன்றுக்கு ஆகி மிஞ்சியவை. அடுப்புச் சாம்பல் நெருப்பு விட்டது. உமிக்கரி நெல் விட்டது. நார் தேங்காய் விட்டது. புளிச்சக்கை குழம்பு விட்டது. உடைந்த செங்கல்லைத் தட்டிய தூள் சுவர் விட்டது. அரிசி களைந்த கழுநீர், ஒரு கைப்பிடி வைக்கோல், பிழிந்து முடித்த எலுமிச்சைத் தோல். ஆக, கழிவைக் கழிக்கக் கழிவே ஆயுதமாக இருந்தது.

இவை கண்மூடித்தனமாகச் சேர்ந்த பழக்கங்களும் இல்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். எண்ணெய்ப் பிசுக்கை அது ஓரளவு சோப்பாகவே மாற்றி நீரோடு போகச் செய்கிறது. உமியை எரித்தால் எஞ்சுவதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது நுண்ணிய மணல். வைக்கோலிலும் அதே சிலிக்கா உண்டு. புளியில் டார்டாரிக் அமிலம். பித்தளையின் மேல் படரும் ஆக்ஸைடை அது கரைக்கிறது, அதனால்தான் புளி பட்ட குடம் ‘பளிச்’சென்று விழிக்கிறது. அதே அமிலம், ஈயம் பூசாத பித்தளையில் குழம்பாகக் கொதித்தால் செம்பையும் கரைத்துச் சோற்றில் சேர்க்கும். அலுமினியச் சட்டிக்குச் சாம்பலோ சோடா உப்போ ஆகாது. காரம் அதன் மேல்தோலை அரித்து உலோகத்தையே தின்னத் தொடங்கும், சட்டி கறுத்துவிடும். அதற்குப் புளித் தண்ணீர் அல்லது எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்க வைப்பதுதான் மருந்து. எவர்சில்வரின் பிரச்னை வேறு. செம்பு அதைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைப் பரப்பும். எவர்சில்வர் பரப்பாது, நெருப்பு பட்ட இடத்திலேயே தேக்கிவைக்கும். ஆகவே அது திட்டுத்திட்டாகத் தீயும். உலோகத்துக்கு உலோகம் நியாயம் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பொடி என்பது விளம்பரக்காரர்கள் பின்னால் கொண்டுவந்த சித்தாந்தம்.

இப்போது சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்கிறார்கள். நுரை பொங்குகிறது, பார்க்க உக்கிரமாக இருக்கிறது. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முடித்துக்கொண்டு, கரியமில வாயு போனபின் எஞ்சுவது சாதுவான உப்புத் தண்ணீர்தான். நுரையின் தள்ளலில் ஏதோ கொஞ்சம் கழன்று வரலாம். தனித்தனியே போட்டிருந்தால் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்திருக்கும். பொங்குவதெல்லாம் வேலை என்று நினைக்கும் பழக்கம் அடுப்படியில் மட்டும் இல்லை. நம் விமர்சனப் பக்கங்களிலும் உண்டு.

இதில் முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. முற்றிலும் கரியாகிப் போனதைக் கரைக்கும் பொருள் இந்தப் பட்டியலில் எதுவுமே இல்லை. கார்பனைப் புளியும் கரைக்காது, சாம்பலும் கரைக்காது, எலுமிச்சையும் கரைக்காது. தீய்ந்தது தீய்ந்ததுதான், அதைப் பாலாகவோ சோறாகவோ திரும்ப ஆக்க முடியாது, இல்லாமலும் ஆக்க முடியாது. இவை வேலை செய்வது கரியின் மேல் இல்லை, கரிக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற பிடியின் மேல். அரைகுறையாகத் தீய்ந்த மாவும் எண்ணெயும் பசைபோல் நின்று கரியைப் பிடித்திருக்கின்றன. நீர் அதற்குள் புகுந்து ஊறி உப்பவைக்கிறது, காரம் அதைத் தளர்த்துகிறது, மீதியை மணலும் நாரும் கையும் பார்த்துக்கொள்கின்றன.

தமிழில் இந்தப் பிடிக்குப் ‘பற்று’ என்று பெயர். உண்ட பாத்திரத்தை நாம் பத்துப்பாத்திரம் என்கிறோம். அந்தப் ‘பத்து’ பற்றுதான். ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையும் பற்று, ஆசையும் பற்று, கடன் கணக்கில் ஒருவன் பெயரில் நிற்பதும் பற்று. நெருப்பு வைப்பதும் பற்றவைப்பது, உலோகத்தை உலோகத்தோடு ஒட்டுவதும் பற்றவைப்பது. இத்தனை அர்த்தங்களையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி எங்கோ ஒரு கொல்லையில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்திருக்க வேண்டும்.

தமிழ்ச் சைவத்துக்கு இந்தக் கொல்லை அறிவு தெரிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் ஒரு கேள்வியை எழுப்புகிறார். உடலும் கரணங்களும் மாயையின் மலம் என்றால், மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவுவதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? துணி வெளுப்பவன் சாணியையும் உவர்மண்ணையும் சேர்த்துத்தான் அழுக்கைப் போக்குகிறான் என்பது அவர் பதில். செம்பில் களிம்பு போல ஆன்மாவில் ஆணவம் இருக்கிறது என்பதும் அந்த மரபின் உவமைதான். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளும், பற்றை விடுவதற்கே ஒரு பற்றைப் பற்றச் சொல்கிறது. விறகடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் புறத்தில் மண்ணையோ சாம்பலையோ கரைத்துப் பூசுவார்கள். புகைக்கரி அந்தப் பூச்சின் மேல் படியும், கழுவும்போது பூச்சோடு போய்விடும். முதலில் அழுக்காக்கினால்தான் பிறகு சுத்தமாகும் என்ற இந்த நுட்பம் சித்தாந்திகளின் தர்க்கத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஆனால் ஓரிடத்தில் எனக்கு அவர்களோடு ஒப்புதல் இல்லை. உவமையில் துணி தன் பழைய வெண்மைக்குத் திரும்பிவிடுகிறது, செம்பு பொன்னாகிறது. பாத்திரம் எதற்கும் திரும்புவதில்லை. செங்கல் தூள் போட்டுத் தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அழுக்கோடு கொஞ்சம் உலோகமும் போகிறது. பாட்டி வைத்திருந்த பித்தளைக் குண்டானின் மெல்லிய அடி எத்தனையோ வருஷத்துச் சுத்தத்தின் விளைவு. ஆதியில் இருந்த தூய்மைக்குத் திரும்புவது என்ற கற்பனைக்குப் பாத்திரத்தின் உலகில் இடமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எவர்சில்வரில் எண்ணெய் தீய்ந்து படலமாக ஒட்டினால் அது கறை. இரும்பு தோசைக்கல்லில் அதே எண்ணெய், ஏறக்குறைய அதே விதமாகச் சூட்டில் இறுகிப் படலமானால் கல் ‘பழகிவிட்டது’ என்கிறோம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் தோசை ஒட்டும், கல் துருப்பிடிக்கும். ஒரே பொருள், ஓரிடத்தில் அழுக்கு, வேறிடத்தில் தோல். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966ல் வெளியான தம் புத்தகத்தில், இடம் தவறிய பொருளே அழுக்கு என்கிற கருத்தை விரித்தார். அழுக்கு தானாக இருப்பதில்லை, ஓர் ஒழுங்கு முதலில் இருக்க வேண்டும், அந்த ஒழுங்குக்கு வெளியே விழுவது அழுக்கு.

இது கெட்டிக்காரத்தனமான வாதம். இதை ஏற்றுக்கொள்கிறபோதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அழுக்கு என்பது ஒழுங்கைப் பொறுத்தது என்றால், யாருடைய ஒழுங்கு?

மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயத்தில் செம்பு, இரும்பு, வெண்கலம், பித்தளை, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றைக் காரத்தாலும் அமிலத்தாலும் நீராலும் அவற்றுக்குத் தக்கபடி சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறது. ரசாயனம் சரியாகவே இருக்கிறது. வரிச்சிக்குடிக் கொல்லைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அதே நூலின் 10ஆம் அத்தியாயம், சண்டாளர் உண்ண வேண்டியது உடைந்த பாத்திரத்தில் என்கிறது. முதல் விதி உலோகத்தின் மேல் இருக்கும் அழுக்கைப் பற்றியது. இரண்டாவது விதிக்கு உலோகத்தின் மேல் எதுவுமே இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே ‘சுத்தம்’ என்ற சொல்லால் கட்டியதில்தான் அந்த நூலின் சாமர்த்தியமும் கொடுமையும் இருக்கின்றன. 1927 மார்ச் 20ல் மஹாத் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு சென்றவர்களும் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். பிறகு ஊரின் சனாதனிகள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் 108 மண்பானைகளில் கொண்டு அந்தக் குளத்தைச் ‘சுத்தி’ செய்தார்கள். குளத்தில் எதைக் கழுவினார்கள்? அதே வருஷம் டிசம்பர் 25ல் மஹாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. கழுவிப் போகாத ஒன்றுக்கு அது ஒரு பதில்.

இது எங்கோ மகாராஷ்டிரத்து விஷயம் இல்லை. வரிச்சிக்குடியில் நான் வளர்ந்த வீட்டுக்குப் பத்துத் தேய்க்க ஓர் அம்மாள் வருவார். கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பலும் புளியும் போட்டு, வெண்கலப் பானையின் அடியிலிருந்த காந்தலை முகம் தெரிகிற மாதிரி ஆக்கிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவர் போனபின் வீட்டுப் பெண்கள் யாராவது அந்தப் பாத்திரங்களின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுத்து வைப்பார்கள். அவர் காபி குடிக்கிற தம்ளர் கொல்லை மாடத்தில் தனியாக இருக்கும். அதை அவரே கழுவி அவரே வைப்பார். பிரான்ஸின் குடியரசு, சமத்துவம் என்ற சொல்லைத் தன் இலச்சினையில் வைத்துக்கொண்டு 1954 நவம்பர் 1 வரை அந்த ஊரை ஆண்டது. அதன்பின் தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவோடு இந்திய அரசமைப்பு வந்தது. அந்த ஒரு கை தண்ணீர் இரண்டு ஆட்சிகளையும் தாண்டித் தெளிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீர் என்ன செய்தது? ரசாயனப்படி ஒன்றுமில்லை, பாத்திரத்தில் அதற்கு வேலையே மிச்சமில்லை. அவர் கை தேய்த்துக் கொடுத்த சுத்தத்தை, அவர் கை பட்டதிலிருந்து அந்தத் தண்ணீர் சுத்தம் செய்தது. சுத்தம் செய்கிற கையே அழுக்கின் உற்பத்தி ஸ்தானம் என்று ஆக்குகிற இந்தத் தர்க்கத்துக்கு முன், சித்தியாரின் மலம் கழுவும் மலம் எவ்வளவோ நேர்மையானது. அங்கே சாணியும் உவர்மண்ணும் வேலை முடிந்ததும் அழுக்கோடு சேர்ந்து போய்விடுகின்றன. இங்கே போகச் சொல்லப்பட்டது மனுஷி.

ஆக, இடம் தவறிய பொருள் என்ற விளக்கத்தோடு மட்டும் நிற்க முடியாது. ஓர் அளவுகோல் வேண்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல் கொல்லையிலேயே கிடைக்கிறது. உண்மையான அழுக்கு நகத்துக்கு அகப்படும். விரலை வைத்து ஓட்டினால் சொரசொரக்கும். சொரசொரப்பு போனதும் வேலை முடிந்தது. அதைக் கழுவுவதற்கு ஒரு முடிவு உண்டு. தெளிக்கிற தண்ணீருக்கு முடிவில்லை. நாளைக்கும் தெளிக்க வேண்டும், அதற்கடுத்த நாளும். முடிவே இல்லாத சுத்தம் எதுவானாலும், அது பாத்திரத்தில் இருக்கிற ஒன்றைப் பற்றியதில்லை, தெளிக்கிறவரின் தலைக்குள் பற்றிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றியது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் பற்று நார் பட்டுப் போகாது.

யார் தேய்ப்பது என்ற கேள்வி மீதி இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுச் சீனத்து ஜென் ஆசான் சாவ்சோவிடம் ஒரு புதுத் துறவி உபதேசம் கேட்டானாம். கஞ்சி குடித்தாயிற்றா என்று கேட்டு, குடித்தாயிற்று என்றதும், அப்படியானால் உன் கிண்ணத்தைக் கழுவு என்று அனுப்பிவிட்டார். இதில் எல்லோரும் கழுவுதலின் எளிமையை வியக்கிறார்கள். எனக்கு ‘உன்’ என்பதுதான் விஷயமாகப் படுகிறது. அவனவன் கிண்ணத்தை அவனவன் கழுவுகிற மடத்தில்தான் அந்த உபதேசம் உபதேசம். வீட்டில் தீய்க்கிற கை ஒன்று, தேய்க்கிற கை வேறு, இரண்டையும் ஏவுகிற வாய் வேறு.

‘உன்’ என்பதை விட்டுவிட்டு இலட்சியத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சத்திய சோதனையில் காந்தியே எழுதியிருக்கிறார். 1898ல் டர்பனில், பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ குமாஸ்தா ஒருவர் அவர் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய மூத்திரக் கலயத்தைக் கஸ்தூர்பா எடுத்துப் போனார், கண்ணீரோடு. எடுத்துப் போனது காந்திக்குப் போதவில்லை, சந்தோஷமாக எடுத்துப் போக வேண்டியிருந்தது. மறுத்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வாசற்கதவு வரை கொண்டுபோய்விட்டார். சாதியின் அழுக்கைக் கழுவ நினைத்தது நியாயம்தான். அதைத் தன் கையால் கழுவுவதும், மனைவியின் கையால் கழுவித் தன் கணக்கில் வரவு வைப்பதும் ஒன்றாகிவிடாது. பத்துப்பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாயை நம் சினிமா எத்தனையோ முறை திரையில் ஏற்றிக் கும்பிட்டிருக்கிறது. கும்பிடுகிறவன் கையில் நார் இருந்து பார்த்ததில்லை.

ஊறப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற மருந்து அதுதான்: வெந்நீர் விட்டு, கொஞ்சம் சோடா உப்பு போட்டு, எவர்சில்வரானால் இராத்திரி முழுக்க விட்டுவிடுவது. காலம் தளர்த்துகிற அளவுக்குக் கை தளர்த்தாது, கைக்கும் வலியில்லை. மிகச் சரி. ஆனால் இதற்கு வீட்டில் இன்னொரு பாத்திரம் இருக்க வேண்டும். ஒரே சட்டி இருக்கிறவள் இராத்திரிச் சோற்றுக்கு அதையே இப்போதே தேய்த்தாக வேண்டும். சமூகத்தின் அடியில் பிடித்துப்போனவற்றைப் பற்றி, அவசரப்படாதே, காலம் பார்த்துக்கொள்ளும், தானாகக் கழன்றுவிடும் என்று நிதானமாகச் சொல்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் அவர்களுக்கு இரண்டாவது பாத்திரம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரிகிறது.

கழுவுதலை நேற்றை அழிப்பது என்று நினைக்கத் தேவையில்லை. தீய்ந்ததைத் தீயாததாக்க முடியாது என்று பார்த்தோம். நாளைக்கு உலை வைக்க இடம் பண்ணுவதுதான் கழுவுதல். நாளைய சோற்றில் கலக்காத ஒரு மங்கலான வளையம் அடியில் இருந்துவிட்டுப் போகலாம்; அது அந்தப் பாத்திரத்தின் சரித்திரம், அதையும் எடுக்கிறேன் என்று தேய்த்தால் உலோகம்தான் போகும். ஆனால் அடுத்தவரின் சோற்றில் கசப்பாக இறங்குகிற காந்தலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை இன்றைக்கே எடுக்க வேண்டும், தீய்த்தவர்கள் எடுக்க வேண்டும், எடுத்தபின் யார் தேய்த்தது என்று பார்த்துத் தண்ணீர் தெளிக்காமல் உள்ளே கொண்டுபோக வேண்டும்.